ஹெட்மாஸ்டர் வீட்டு ஹாலில் கடல்காற்று

'கோஸ்டல் காட்டேஜ்' என்று செல்போனில் தட்டிப் பாருங்கள். நூறு படங்கள் வந்து விழும். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே ஹால்தான். வெள்ளைச் சுவர், வெள்ளை சோபா, நீலக்கோடு போட்ட குஷன், சணல் விரிப்பு, கண்ணாடி ஜாடி நிறைய சிப்பி, சுவரில் சாத்திய ஒரு துடுப்பு. ஜன்னலில் மெல்லிய துணி காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பார்த்தாலே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டத் தோன்றும்.

தூத்துக்குடியில், கடலுக்கு ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்கு இந்தப் படங்கள் பெங்களூரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. அனுப்பியது அந்த வீட்டு மகள். ஐ.டி. வேலை, ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. பார்த்தது அவருடைய அப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 71. பணி ஓய்வு பெற்று 13 வருடம் ஆகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் ஹெட்மாஸ்டர்தான். அந்தக் கணக்கில் அவர் மனைவி ஹெட்மாஸ்டரம்மா.

அவர்கள் வீட்டு ஹாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே வீடாக இல்லாவிட்டாலும் உங்கள் பெரியப்பா வீட்டிலோ, சம்பந்தி வீட்டிலோ பார்த்திருப்பீர்கள். 18-க்கு 14 அடி. மெரூன் வெல்வெட் போட்ட தேக்கு சோபா செட். அழுக்காகிவிடும் என்று வெல்வெட் மேல் டர்க்கி டவல். நடுவில் கண்ணாடி டீப்பாய், அதன் மேல் குரோஷா விரிப்பு, அதன் மேல் பிளாஸ்டிக் ரோஜா. கிழக்குச் சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு ஷோகேஸ். உள்ளே 36 வருட வேலையின் ஷீல்டுகள், சந்தன மாலை, ஒருநாளும் டீ ஊற்றப்படாத டீ செட். கனத்த ஸ்க்ரீன். விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற ஏசி.

வீட்டு மனிதர்கள் உட்காருவது அங்கே இல்லை. அடுப்படியை ஒட்டிய நடையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு சின்ன டிவியும் கிடக்கும். அம்மா காய் நறுக்குவது, அப்பா பேப்பர் படிப்பது, பேத்தி வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் அந்த நான்கடி அகல நடையில்தான். ஊரிலிருந்து வந்து இறங்கியதும் பேத்தி முதலில் கேட்கும் வாக்கியம், "ஹாலுக்குள்ள ஓடாத!"

இப்படியே இன்னும் பத்து வருடம் போயிருக்கும். சுவர்தான் விடவில்லை.

கிழக்குச் சுவரில் உப்பு பூத்தது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. சுவருக்குள் இறங்கிய ஈரம் செங்கல்லிலும் காரையிலும் இருக்கிற உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். மேல்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். பஞ்சு மாதிரி, மாவு மாதிரி வெள்ளையாகப் படியும். சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் இருந்தால் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஷோகேஸின் பின்பலகை வீங்கி, கதவு இறுகி, ஒரு ஷீல்டை வெளியே எடுக்க ஸ்க்ரூடிரைவர் தேவைப்பட்டது.

வந்து பார்த்த கொத்தனாருக்கும் வயது அறுபதுக்கு மேல். "அண்ணாச்சி, ஷோகேஸ நகட்டாம ஒண்ணும் செய்ய முடியாது. நகட்டுனாலும் சும்மா பூசிட்டுப் போனா அடுத்த வருசம் திரும்ப வரும்" என்றார்.

ஏப்ரல் கடைசி. பள்ளி விடுமுறைக்கு மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள், மகளுக்கு ஒரு மாதம் வீட்டிலிருந்தே வேலை. எப்படியும் ஹாலைக் காலி செய்ய வேண்டும், அப்படியே ஆளையும் மாற்றிவிடலாம் என்று மகள் கணக்குப் போட்டார். ஏற்கெனவே அனுப்பிவைத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, "காட்டேஜ் மாதிரி செய்வோம்ப்பா. நாமதான் கடல் பக்கத்துலயே இருக்கோமே" என்றார்.

ஹெட்மாஸ்டர் ஆங்கிலம் எடுத்தவர். கண்ணாடியைக் கழற்றினார்.

"காட்டேஜ்னா தமிழ்ல என்ன?"

மகள் பதில் சொல்லவில்லை.

"குடிசை. எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு 36 வருசம் அப்படித்தான் அர்த்தம் எழுதிப் போட்டிருக்கேன். குடிசையை விட்டு வெளிய வர எனக்கு என்ன பாடுன்னு உனக்குத் தெரியாது. இப்ப திரும்ப அதுக்குள்ள போகச் சொல்லுத."

அது கோபத்தில் வந்த பேச்சில்லை. அவர் அம்மா உப்பளத்தில் வேலை பார்த்தவர். பனையோலை வேய்ந்த ஒற்றை அறையில் ஐந்து பேர். 1970-ல் பி.யூ.சி. சேரப் பணம் கேட்டு அம்மாவோடு முதலாளி வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றார்கள். பணம் கிடைத்தது, யாரும் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை. 'உள்ளே வா' என்றும் யாரும் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து திறந்த கதவு வழியாக ஒரு ஹால் தெரிந்தது. அதில் ஒரு சோபாவும் ஒரு ஷோகேஸும் இருந்தன. 28 வருடம் கழித்து அவர் வீடு கட்டியபோது ஆசாரியிடம் படம் எதுவும் காட்டவில்லை, மனதிலிருந்தே அளவு சொன்னார் என்று ஹெட்மாஸ்டரம்மா சொல்வதுண்டு.

இப்படிப்பட்ட ஹாலை 'மேக்ஓவர்' செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் முதலில் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த வெல்வெட் யாருக்கு என்னவாக இருந்தது என்று கேட்காமல் அதைக் குப்பை என்று சொல்லிவிடக் கூடாது. மகளுக்கு அன்றைக்குத்தான் முதலாளி வீட்டு வாசல் கதை முழுசாகத் தெரிந்தது. இரண்டு நாள் படம் எதையும் காட்டவில்லை.

மூன்றாம் நாள் பேசியது ஹெட்மாஸ்டரம்மா. "எனக்குக் குடிசையும் வேண்டாம், அரமனையும் வேண்டாம். முட்டி வலிக்கி. காலை நீட்டி உக்கார ஒரு எடம் வேணும். 27 வருசமா இந்த ஹாலைத் துடைக்கேன். ஒருநாள் இதுல படுத்துத் தூங்குனதில்ல."

ஹெட்மாஸ்டர் சரி என்று சொல்லவில்லை. "ஷோகேஸை நகட்டுங்க, முதல்ல செவுரப் பாப்போம்" என்றார். அந்த வீட்டில் அதுதான் சரி.

இங்கே அந்தப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மோஸ்தரின் தாய்வீடுகளில் ஒன்று அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கும் கேப் காட். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே தாழ்வான மரவீடுகள் கட்டினார்கள். செங்குத்தான கூரை, நடுவில் பெரிய புகைபோக்கி. எல்லாம் குளிருக்காகவும் புயல்காற்றுக்காகவும். அங்கே சூரியன் ஒருநாளும் உச்சந்தலைக்கு வராது. குளிர்காலத்து மங்கல் வெளிச்சத்தை அறைக்குள் பரப்ப வெள்ளை பெயின்ட் உதவியது. கோடையில் கடலில் குளித்துவிட்டு மணலும் ஈரமுமாக உள்ளே வருகிறவர்களுக்காக சோபாவுக்குத் தளர்வான துணி உறை போட்டார்கள். கழற்றித் துவைக்கலாம். வெளுத்துப்போனால் போகட்டும். படத்தில் நாம் ரசிக்கிற அழகெல்லாம் இப்படி ஏதோ ஒரு தேவைக்காக வந்ததுதான்.

தூத்துக்குடியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இங்கே பளபளக்கும் வெள்ளை பெயின்டும் பளபளக்கும் டைல்ஸும் சேர்ந்தால் மத்தியானம் கண் கூசும். சணல் விரிப்பு ஈரம் பிடித்து நாறும். ஆக, படத்தில் இருக்கிற பொருட்களை வாங்கி நிரப்பினால் கேப் காட் வீட்டின் போட்டோவில் குடியிருக்கலாம், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர்கள் செய்ததைச் செய்ய வேண்டுமானால் நம் கடல் நம் வீட்டுக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஷோகேஸை நான்கு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது.

பேத்திக்குத்தான் அது ஆச்சரியம். மற்ற மூன்று பேருக்கும் அந்த ஜன்னலைத் தெரியும். நான்கடிக்கு நான்கடி, கிழக்குப் பார்த்தது. 2009-ல் மகளைப் பெண் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மத்தியானம் கடல்காற்று ஏறினால் இரண்டு தெரு தள்ளிக் காயப்போட்டிருக்கும் கருவாட்டு வாசனை அந்த ஜன்னல் வழியாக நேராக ஹாலுக்கு வரும். வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வடக்குச் சுவரில் இருந்த ஷோகேஸைத் தூக்கி ஜன்னலுக்கு முன்னால் வைத்தார்கள். மகள் பட்டுச்சேலையில் சோபா நுனியில் பத்து நிமிஷம் உட்கார்ந்தார். சம்பந்தம் முடிந்தது. ஷோகேஸ் அங்கேயே நின்றுவிட்டது, 16 வருடம்.

"அவங்களுக்குக் கருவாடுன்னா உயிரு. மாசாமாசம் இங்கருந்து வாங்கி அனுப்பச் சொல்லுதாங்க" என்று மாமியார் வீட்டைப் பற்றி மகள் சொன்னபோது ஹெட்மாஸ்டரே சிரித்துவிட்டார்.

சுவரின் ஈரத்துக்குக் காரணமும் வெளியே கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, ஹெட்மாஸ்டரம்மா கனகாம்பரம் வைத்திருந்தார். தினம் இரண்டு குடம் தண்ணீர். மண் மேடு ஏறி ஏறி, அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் தடுக்கப் போட்ட பூச்சுக்கும் மேலே போயிருந்தது. கொத்தனார் மண்ணை ஒரு முழம் வெட்டி எடுக்கச் சொன்னார். கனகாம்பரம் தொட்டிக்குப் போனது. சுவரில் உப்பு பூக்கிறவர்கள் உள்ளே பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் வெளியே ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். பாத்ரூம் குழாய், ஏசி தண்ணீர், செடிப்பாத்தி, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும்.

பிறகு பெயின்ட், பட்டி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார்கள். உப்பைக் கழுவவில்லை. கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து வாரினார்கள். பொரிந்துபோன பூச்சை மூன்றடி உயரத்துக்குக் கொத்திவிட்டு, சுவரை அப்படியே காயவிட்டார் கொத்தனார். "மூணு வாரம் இதைத் தொடாதிய" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மூன்று வாரம்தான் ஹாலை மாற்றியது. சோபா மாடி அறையில், ஷோகேஸ் போர்ட்டிகோவில். ஹால் காலி. சுவர் காய வேண்டும் என்பதால் ஜன்னல் இரவும் பகலும் திறந்தே கிடந்தது. காற்று உள்ளே வருவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். அடுப்படிப் பக்கத்து மேற்குக் கதவைத் திறந்துவைத்ததும் மத்தியானத்துக்கு மேல் ஹாலில் காலண்டர் தாள் படபடத்தது. பேத்தி வெறும் டைல்ஸில் உருண்டாள். இரண்டாம் நாள் ராத்திரி கரன்ட் போனபோது எல்லோரும் பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்கள். கரன்ட் வந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

கொத்தனார் ஆட்கள் உட்காருவதற்காக மாடியில் கிடந்த பழைய நார்க்கட்டிலை ஹெட்மாஸ்டரம்மா இறக்கி ஜன்னலோரம் போட்டிருந்தார். வேப்பமரச் சட்டம், பனைநார்ப் பின்னல். உப்பளத்து வீட்டிலிருந்து வந்த ஒரே சாமான் அதுதான். ஹெட்மாஸ்டருடைய அம்மா கடைசிவரை படுத்திருந்தது அதில்தான். ஒரு மத்தியானம் மகள் மீட்டிங் முடிந்து வந்து பார்த்தபோது ஹெட்மாஸ்டர் அதில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை போடாமல். ஹாலில் அவரைச் சட்டையில்லாமல் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

எழுந்ததும், "கொண்டல் காத்து. சின்ன வயசுல ஓலைக்குள்ளாற இப்படித்தான் வரும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கட்டிலை யாரும் அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

சுவருக்கு என்ன அடிப்பது என்பதில் மகள் பெயின்ட் அட்டையை விரித்து நாற்பது வெள்ளைகளில் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். கொத்தனார் ஒரே பதில் சொன்னார். "கிளிஞ்சச் சுண்ணாம்பு." கரையோரத்தில் கிடைக்கிற கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுப்பது. சுண்ணாம்புச் சுவரில் ஈரம் மாட்டிக்கொள்ளாது, வந்த வழியே ஆவியாகிப் போய்விடும். அதற்காக உப்பு இனி எட்டிப்பார்க்கவே பார்க்காது என்று அர்த்தமில்லை. பார்த்தால் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அடுத்த பொங்கலுக்கு மேலே ஒரு பூச்சு கொடுத்தால் போதும். கொப்புளம் வராது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்பு பழைய எமல்ஷன் மேலோ பட்டி மேலோ ஒட்டாது. அவை முழுக்கச் சுரண்டப்பட வேண்டும். இந்த வீட்டில் கொத்திய இடத்தில் சுண்ணாம்புக் காரையே பூசி ஆறவிட்டார்கள். சுண்ணாம்பை முதல்நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குக் கஞ்சியும் பளிச்சென்று இருக்கத் துளி நீலமும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடித்தார்கள். ஈரமாக இருக்கும்போது சுவரே தெரியும், ஒன்றுமே ஏறாத மாதிரி இருக்கும். மகள் பயந்துபோய் கொத்தனாருக்கு போன் செய்தார். "காலையில பாருங்கம்மா" என்றார் அவர். காலையில் பார்த்தால் வெள்ளை. கண் கூசாத, தூள் பூசின மாதிரியான வெள்ளை. சாய்ந்தால் முதல் சில வாரம் சட்டையில் ஒட்டத்தான் செய்யும்.

மகள் ஆன்லைனில் சிப்பி ஜாடி, நட்சத்திர மீன், ஒரு பவளக்கொத்து எல்லாம் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். பவளத்தைப் பார்த்ததும் ஹெட்மாஸ்டருக்குள் இருந்த ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார். பவளப்பாறையும் கடல்விசிறியும் சில வகைச் சங்குகளும் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-லிருந்து இருக்கின்றன. விற்பதும் வாங்குவதும் குற்றம். இவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற மன்னார் வளைகுடாவில் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காகவே பவளப்பாறையை வெட்டி எடுத்தார்கள். அங்கே இருந்த 21 தீவுகளில் 2 கடலுக்குள் போய்விட்டன. "கரையைக் காப்பாத்த நிக்கிற செவுரு அது. அதைப் பேத்துட்டு வந்து டீப்பாய் மேல வைக்கவா?" என்றார். கார்ட் காலியானது. பேத்தி கடற்கரையில் பொறுக்கிய உடைந்த கிளிஞ்சல்கள் மட்டும் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் ஜன்னல் திண்டில் இருக்கின்றன. அதுவே அதிகம் என்பது ஹெட்மாஸ்டரம்மாவின் கட்சி: "செவுரு பூராவும் கிளிஞ்சதான அடிச்சிருக்கு."

நீலமும் வெள்ளையும் போகட்டும், வேறு என்ன நிறம் என்ற பேச்சு வந்தபோதும் முடிவு அவருடையதுதான். உப்பளப் பாத்தியில் தண்ணீர் சுண்டி உப்பு இறங்குகிற சமயம் இளஞ்சிவப்பாக ஒரு நிறம் வரும். அந்தக் கடும் உப்புநீரில் வாழ்கிற நுண்ணுயிர்கள் கொடுக்கிற நிறம் அது. "சாயங்காலம் பஸ்ஸுல போவும்போது பாப்போம்லா, அந்த நெறம்" என்றார். பீரோவில் அப்படியொரு சுங்குடிச் சேலை இருந்தது, பலமுறை துவைத்து மெலிந்தது. ஐந்தரை மீட்டர். இரண்டாக வெட்டித் தைத்தால் ஜன்னலுக்கு இரண்டு ஸ்க்ரீன். காற்றுக்கு அது எழும்பும் அழகு வெல்வெட்டுக்கோ பாலியெஸ்டருக்கோ வராது. மாட்டுவதற்கு இரும்புக் கம்பி வேண்டாம் என்று மூங்கில் கழி. உப்புக்காற்றில் குரோம் பூச்சுக் கம்பி இரண்டே வருடத்தில் புள்ளிபுள்ளியாகத் துரு விட்டதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். திருகாணிகள்கூட பித்தளை.

தரையை மாற்றக் கையில் பணமில்லை, மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. வழுக்குகிற டைல்ஸ் மேல் பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியிலிருந்து மூன்று பத்தமடைப் பாய்கள் வந்தன. பட்டுப்பாய் இல்லை, அது பெட்டிக்குள் வைக்கிறது. சாதாரணக் கோரைப்பாய். மணலோடு நடந்தால் உதறிக்கொள்ளலாம். ஆனால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை வெயில் காட்டாவிட்டால் பூசணம் பிடிக்கும். முட்டி மடங்காத ஹெட்மாஸ்டரம்மாவுக்காக ஒரு பிரம்பு சாய்வு நாற்காலி. பத்திரிகையும் பேத்தியின் விளையாட்டுச் சாமானும் போட்டுவைக்க மணப்பாட்டுப் பனையோலைப் பெட்டிகள் இரண்டு. கண்ணாடி டீப்பாய் மாடியிலேயே தங்கிவிட்டது. குழந்தை ஓடுகிற அறையில் அது எதற்கு?

சோபாவை விற்றுவிடலாமா என்று மகள் மெல்லக் கேட்டார். அதற்கு மட்டும் ஹெட்மாஸ்டர் அசையவில்லை. "அது இருக்கும்." சரி, இருக்கட்டும். மெரூன் வெல்வெட்டை என்ன செய்வது? கேப் காட்காரர்கள் செய்ததைத்தான். காடாத்துணியை முதலில் நன்றாக ஊறவைத்துத் துவைத்துச் சுருங்கவிட்டு (இதைச் செய்யாமல் தைத்தால் முதல் சலவையிலேயே உறை சோபாவுக்குப் பத்தாது), தெருமுனை டெய்லரிடம் கொடுத்து, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி தளர்வாக உறை தைத்தார்கள். உள்ளே வெல்வெட் பத்திரமாக இருக்கிறது. தீபாவளி அன்றைக்கு உறையைக் கழற்றிவிட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. இன்னொரு நிபந்தனை, ஷீல்டுகள். வீங்கிப்போன ஷோகேஸ் திரும்ப வரவில்லை. அதன் நல்ல தேக்குச் சட்டங்களை மட்டும் பிரித்து ஆசாரி வடக்குச் சுவரில் இரண்டு திறந்த பலகை அடித்தார். 23 ஷீல்டுகளில் எவை அதில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்க ஹெட்மாஸ்டருக்கு ஒருநாள் முழுக்க ஆனது. ஐந்து எடுத்தார். டீ செட்டில் இப்போது தினம் டீ. ஒரு கோப்பை உடைந்தாயிற்று.

சுவர், துணி, பாய், நாற்காலி, கட்டிலுக்குப் புது நார்ப் பின்னல் எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்துக்குள் முடிந்தது. இதில் பாதிக்கு மேல் கொத்தனார் கூலி. அது எப்படியும் செய்திருக்க வேண்டிய செலவு.

படத்தில் இருந்த ஹால் மாதிரி இது இல்லை. மகளே ஒப்புக்கொள்கிறார். ஏசி பெட்டி சுவரில் துருத்திக்கொண்டு நிற்கிறது. காடாத்துணி உறைக்கு மேல் அந்த டர்க்கி டவல் எப்படியோ திரும்ப வந்துவிட்டது. போட்டோ எடுத்துப் போட்டால் யாரும் 'கோஸ்டல்' என்று சொல்ல மாட்டார்கள். உள்ளே நுழைந்தால் கடல் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஜூன் மாதம் ஹெட்மாஸ்டருடைய பழைய மாணவர் ஒருவர் வந்தார். மதுரையில் வங்கி மேலாளர். வருகிறேன் என்று போன் வந்ததிலிருந்து ஹெட்மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நார்க்கட்டிலை உள்ளே போட்டுவிடலாமா என்று மனைவியிடம் இரண்டு தடவை கேட்டார். உறையைக் கழற்றலாமா என்று ஒரு தடவை. ஹெட்மாஸ்டரம்மா காது கேளாதவர் மாதிரி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

மேலாளர் வந்தார். முன்பெல்லாம் வந்தால் சோபா நுனியில் கைகட்டி உட்கார்ந்து, காபி குடித்து, கால் மணி நேரத்தில் 'வர்றேன் சார்' என்று எழுந்துவிடுவார். இந்தத் தடவை ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. சோபாவைத் தாண்டிப் போய் நார்க்கட்டிலில் உட்கார்ந்தார். பின்னலைக் கையால் தடவினார்.

"எங்க ஆச்சி வீட்டுல இருந்துச்சு சார்" என்றார். பிறகு, "சார், விடியக்காலம் கெளம்புனது. அஞ்சு நிமிசம் சாஞ்சுக்கட்டுமா?"

ஒன்றரை மணி நேரம் தூங்கினார். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து, அவர் மேல் வெயில் விழாமல் ஸ்க்ரீனை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எழுந்ததும் இருவரும் சாப்பிட்டார்கள், பாயில் உட்கார்ந்து.

கருவாடு காய்கிற நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு வாசனை வரத்தான் செய்கிறது. ஹெட்மாஸ்டரம்மா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். நாலரைக்கெல்லாம் ஹெட்மாஸ்டர் திறந்துவிடுகிறார்.